ஜப்பானியர் தம் செல்வம் காக்கும் முறை

ஆண்டுதோறும் ஜனவரித் திங்கள் 26-ஆம் நாளைக் குடியரசு நாளாக நாம் கொண்டாடுகிறோம். எந்த மாநிலத்தில் வாழ்ந்தாலும், எந்த மொழி வழங்கும் தெருவில் குடியிருந்தாலும், அன்று காலையில் கொடியேற்றம் காணாத தமிழர் சிலரே ஆவர். அதே நாளில் ஜப்பான் நாட்டில் வேறொரு காட்சியைக் காணலாம். அங்குள்ள பழங்கோயில்களின் முற்றங்களில் தீயணைப்புப் படையினர் வந்து கூடுகின்றனர், நீர்க்குழாய்களை விரிக்கின்றனர், கோயிற் கூரையை நோக்கி நீரைப் பீறிட்டு எழச் செய்கின்றனர். தீயும் இல்லை, புகையும் இல்லை. எனினும் தீப்பற்றிவிட்டது போலவே யாவும் நடைபெறுகின்றன. நாடு முழுவதும் ஒரே நாளில் நடைபெறும் ஒத்திகை இது.

ஜனவரி 26 என்னும் நாளை அவர்கள் ஏன் தேர்ந்துகொண்டனர்? அக்கேள்விக்கு விடை காணப் புகுந்தால், ஒரு நாடு தன் பழஞ்செல்வங்களைக் காப்பது எவ்வாறு என்பது பற்றி நாம் அறிய வேண்டியவை பலவும் வெளிப்படும். அவற்றையே இன்று நேயர்களுக்குக் கூற விரும்புகிறோம்.

ஜப்பானின் பழைய தலைநகராகிய நாராவுக்கு அருகில், இகாருகா என்னும் ஊரில், ஹோர்யூஜி என்ற பௌத்தக் கோயில் இருக்கிறது. இளவரசர் ஷோதோகு அதனைக் கி.பி. 607-இல் நிறுவினார் என்பது மரபு. 670-இல் அக்கோயில் தீக்கிரையாயிற்று என்று அந்நாட்டுப் பழைய வரலாற்று நூல் கூறுகின்றது. அதன்பின், ஏழாம் நூற்றாண்டின் இறுதியிலும் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் எழுந்த பொன்மண்டபமும், ஐந்து நிலைக் கோபுரமும் இன்றளவும் நிற்கின்றன. உலகில் இன்று நிற்கும் மரக்கட்டடங்களுள் இவையே மிகப் பழமையானவை. கோபுரத்தின் நடுத்தூணில் காணும் ஆண்டு வளையங்களை ஆராய்ந்த அறிஞர்கள், அந்த மரம் 594-இல் வெட்டப்பட்டது என்று 2001-இல் அறிவித்தனர். வெட்டப்பட்டு ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அம்மரம் கோபுரத்தின் நடுவே நின்றுகொண்டிருக்கின்றது.

பொன்மண்டபத்தின் உட்சுவர்களில் பன்னிரண்டு பெரிய ஓவியங்கள் இருந்தன. புத்தர்களும் போதிசத்துவர்களும் வீற்றிருக்கும் அவ்வோவியங்களில் நம் அஜந்தாக் குகைகளின் சாயலை அறிஞர் பலர் கண்டனர். அஜந்தாவின் ஓவிய மரபு நடு ஆசியாவின் வழியாகவும் சீனத்தின் வழியாகவும் சென்று, கடல் கடந்து, அந்தத் தீவு நாட்டின் சுவரில் குடியேறியது என்று அவர்கள் கூறினர்.

1934-ஆம் ஆண்டில் அக்கோயிலின் பெரும் பழுதுபார்ப்புப் பணி தொடங்கிற்று. ஒவ்வொரு கட்டடத்தையும் உறுப்பு உறுப்பாகப் பிரித்து, பழுதுற்றதை மாற்றி, மீண்டும் பூட்டும் பணி அது. சுவரோவியங்கள் நாளடைவில் மங்கிவிடும் என அஞ்சி, ஓவியர்களைக் கொண்டு அவற்றைப் படியெடுக்கவும் செய்தனர். 1949 ஜனவரித் திங்களின் கடுங்குளிரில், ஓவியர்கள் மின்சாரத்தால் சூடேறும் மெத்தைகளின்மேல் அமர்ந்து வேலை செய்துவந்தனர். 26-ஆம் நாள் விடியற்காலையில் பொன்மண்டபத்தில் தீப்பற்றியது. அந்த மெத்தைகளுள் ஒன்றிலிருந்தே தீ எழுந்திருக்கலாம் என்று பலர் கருதினர், ஐயமற நிறுவப்படவில்லை. பன்னிரண்டு ஓவியங்களின் வண்ணமும் கருகிப் போயிற்று. கட்டடத்தின் மேல்நிலை முன்னரே பிரித்து அகற்றப்பட்டிருந்தமையால் அது மட்டும் தப்பியது.

படையெடுத்த பகைவன் செய்த அழிவன்று இது. பேணாமல் விட்டதால் வந்த கேடும் அன்று. காக்க முனைந்தவர்களின் பணியிடையே நேர்ந்த அழிவு. ஆதலால்தான் அது அம்மக்களின் நெஞ்சை ஆழமாகச் சுட்டது. போரில் தோற்று, நகரங்கள் சாம்பலாகி, உணவுக்கே அல்லற்பட்ட காலம் அது. அந்நிலையிலும் அந்நாட்டுச் சட்டமன்றம் ஒரு புதுச்சட்டத்தை ஆக்கிற்று. 1950 மே 30-ஆம் நாள் வெளியான அதற்குப் பண்பாட்டுச் செல்வங்கள் பாதுகாப்புச் சட்டம் என்பது பெயர். அது நடைமுறைக்கு வருமுன்பே இன்னொரு பேரிடி விழுந்தது. அவ்வாண்டு ஜூலை 2-ஆம் நாள், கியோட்டோவில் உள்ள கின்காகுஜி என்னும் பொன்வேய்ந்த மாளிகைக்கு அங்கேயே பயின்றுவந்த இளந்துறவி ஒருவர் தீயிட்டார். ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நின்ற மாளிகை ஓர் இரவில் சாம்பலாயிற்று. 1955-இல் அதனை மீண்டும் எழுப்பினர். இன்று கியோட்டோ செல்லும் பயணிகள் கண்டு வியப்பது அந்தப் புதிய மாளிகையையே. அதனைச் சூழ்ந்துள்ள பழைய பூங்காவும் குளமும் சட்டத்தின் மிக உயர்ந்த பாதுகாப்பைப் பெற்றிருக்கின்றன. மாளிகையோ முன்பு பெற்றிருந்த தேசியச் செல்வம் என்னும் தகுதியை இழந்தது. பழமையை விலை கொடுத்து வாங்க முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? 1955 முதல் ஜனவரி 26-ஆம் நாள் தீத்தடுப்பு நாளாக அந்நாடு முழுவதும் கடைப்பிடிக்கப்பட்டு வருகின்றது.

அந்தச் சட்டத்தில் என்ன புதுமை? பழம்பொருள்களைக் காக்கும் சட்டங்கள் அங்கே முன்பும் இருந்தன. கோயில்களுக்கென 1897-இல் ஒன்றும், வரலாற்று இடங்கள், எழில்மிகு காட்சிகள், இயற்கை அரும்பொருள்கள் ஆகியவற்றுக்கென 1919-இல் ஒன்றும் இயற்றினர். 1950-ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றையெல்லாம் ஒன்றாகத் தொகுத்தது. கோயிலும், காடும், பறவையும், பழந்தோட்டமும் ஒரே சட்டத்தின் நிழலில் வந்தன. அதனினும் பெரிய புதுமை ஒன்று உண்டு. கண்ணால் காணவும் கையால் தொடவும் இயலாத செல்வத்தையும் அச்சட்டம் செல்வமாக ஏற்றது. கலையும், தொழில்நுட்பமும், அவற்றை அறிந்த மனிதரும் காக்கத் தக்கவர் என்று கொண்டது. 1955 முதல், அரிய கலைகளிலும் கைத்தொழில்களிலும் தலைசிறந்தோரை அரசு பெயர் சுட்டி அறிந்தேற்கின்றது. அவர்களை மக்கள் மனித உருவில் வாழும் தேசியச் செல்வம் என்று அழைக்கின்றனர். பின்னாளில் அவர்களுக்கு ஆண்டுக்கு இருபது இலட்சம் யென் உதவித்தொகையும் கிடைத்துவருகின்றது. அதற்கு அவர்கள் செய்ய வேண்டிய கைம்மாறு, தாம் அறிந்ததை அடுத்த தலைமுறைக்குக் கற்பித்தல். 1975-இல் சட்டத்தைத் திருத்தியபோது, பழுதுபார்க்கும் தொழில்களையும் இவ்வாறே காக்க வழிசெய்தனர். கூரை வேய்வோர், சுவர் பூசுவோர், அரக்கு எடுப்போர், மரப்பட்டை உரிப்போர் ஆகியோரும் அரசின் கண்ணுக்குப் பெரியோராயினர்.

இதன் தேவையை ஒரு மனிதரின் வாழ்க்கையால் விளக்குவோம். நிஷியோகா சுனெகாசு என்பவர் 1908-இல் பிறந்து 1995-இல் மறைந்தவர். அவருடைய முன்னோர் ஹோர்யூஜிக் கோயிலின் தச்சர்கள். பாட்டனார் அக்கோயிலின் தலைமைத் தச்சர். பேரனும் தச்சனாக வேண்டும் என்று விரும்பிய அந்த முதியவர், பேரனைத் தொழிற்பள்ளிக்கு அனுப்பவில்லை. உழவுப் பள்ளிக்கு அனுப்பினார். மரம் மண்ணில் விளைவது. மண்ணின் இயல்பை அறியாதவன் மரத்தின் இயல்பை அறியான் என்பது அவர் கருத்து. அக்குடும்பத்தில் வாய்மொழியாக வழங்கிய பாடங்கள் சில இருந்தன. கட்டுவதற்கு மரத்தை வாங்காதே, மலையை வாங்கு என்பது ஒரு பாடம். ஒரே மலையில் வளர்ந்த மரங்களைக் கொண்டு ஒரு கட்டடத்தை எழுப்ப வேண்டும். மலையின் தென்புறத்தில் வளர்ந்தது கட்டடத்தின் தென்புறத்தில் நிற்க வேண்டும். வடபுறத்தில் வளர்ந்தது வடபுறத்தில் நிற்க வேண்டும். வெயிலிலும் காற்றிலும் மரம் எந்தத் திசைக்கு முறுகி வளர்ந்ததோ, அந்த முறுக்கை அறிந்து, ஒன்றின் முறுக்கை மற்றொன்று தாங்குமாறு பூட்ட வேண்டும் என்பது மற்றொரு பாடம்.

கோபுரத்தைப் பிரித்தபோது அவர் கண்டவற்றைப் பிற்காலத்தில் எடுத்துக் கூறியுள்ளார். கூரை ஓடுகளின் சுமையை இறக்கியதும், பன்னிரு நூற்றாண்டுகள் அழுந்திக் கிடந்த இறவாரங்கள் சிறிது சிறிதாக நிமிர்ந்தனவாம். பழைய மரத்தின் மேற்பரப்பைச் சிறிது சீவியதும் ஹினோக்கி மரத்தின் நறுமணம் எழுந்ததாம். ஹினோக்கி என்பது ஜப்பானியச் சைப்ரஸ் மரம். வெட்டியபின் இருநூறு ஆண்டுகள் வரை அதன் வலிமை கூடிக்கொண்டே போகும். பிறகு மெல்ல மெல்லக் குறையும். ஆயிரம் ஆண்டுக்குப் பின்னும் புதுமரத்துக்கு ஈடான வலிமை அதில் நிற்கும் என்று மர ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். மலையில் ஆயிரம் ஆண்டு வாழ்ந்த மரத்தைக் கொண்டு கட்டினால், கட்டடமும் ஆயிரம் ஆண்டு நிற்க வேண்டும். அவ்வாறு நில்லாவிடின் குற்றம் மரத்தினது அன்று, தச்சனது என்று அவர் கருதினார்.

பழங்காலத் தச்சர் மரத்தை இழைக்க ஈட்டிமுனை போன்ற ஒரு கருவியைக் கையாண்டனர். அடுத்து வந்த இழைப்புளி பரவியபின் அக்கருவி வழக்கொழிந்தது. அதைச் செய்வோரும் இல்லை. பிடிக்கத் தெரிந்தவரும் இல்லை. பழைய மரங்களில் பதிந்திருந்த கருவித் தடங்களையும், எஞ்சிய பழங்கருவிகளையும் ஆராய்ந்து, நிஷியோகா அதனைப் புதிதாக அடிக்கச் செய்தார். பிடிக்கும் முறையையும் தாமே முயன்று கற்றார். ஒரு கருவி மறைந்தால் அதனோடு ஒரு கையின் அறிவும் மறைந்துவிடுகின்றது. அதை மீட்க ஒரு மனிதரின் பல ஆண்டுகள் செலவாயின.

நாரா நகரத்தில் யாகுஷிஜி என்று மற்றொரு பெருங்கோயில் உண்டு. அதன் இரட்டைக் கோபுரங்களுள் மேலைக் கோபுரம் 1528-இல் எரிந்துபோயிற்று. கீழைக் கோபுரம் மட்டுமே எஞ்சி நின்றது. நிஷியோகாவின் தலைமையில் மேலைக் கோபுரத்தை மீண்டும் எழுப்பி 1981-இல் நிறைவு செய்தனர். புதிய கோபுரத்தைப் பழையதினும் ஏறத்தாழ ஓரடி உயரமாக அவர் அமைத்தார். புதிய மரங்கள் உலர்ந்து, சுமையால் அமுங்கி, சில நூற்றாண்டுகளில் இரு கோபுரங்களும் ஒரே உயரத்தை அடையும் என்பது அவர் கணக்கு. தாம் காண இயலாத ஒரு நாளுக்காகத் தச்சர் ஒருவர் கணக்கிட்டு வேலை செய்தார் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆனால் அக்கோபுரத்துக்குரிய மரம் எங்கிருந்து வந்தது? ஜப்பானிலிருந்து வரவில்லை. அத்தகைய பருமனும் முதுமையும் வாய்ந்த ஹினோக்கி அந்நாட்டு மலைகளில் அரிதாகிவிட்டது. ஆதலால் தைவான் தீவின் மலைகளிலிருந்து கொணர்ந்தனர். தைவான் அரசு 1991-இல் தன் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதைத் தடைசெய்துவிட்டது. அந்த வாயிலும் அடைபட்டது. கட்டடம் இருக்கிறது, கட்டும் கையும் இருக்கிறது, மரம் இல்லாவிட்டால் என் செய்வது? இங்கேதான் கோயிலைக் காப்பதும் காட்டைக் காப்பதும் ஒரே கடமையாகி விடுகின்றன.

இதனை நெடுங்காலத்துக்கு முன்பே உணர்ந்த இடம் ஒன்று உண்டு. மியே மாநிலத்தில் உள்ள இசே என்னும் ஷிண்டோ மதப் பெருங்கோயில் அது. இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை அக்கோயிலை முற்றும் புதிதாகக் கட்டுகின்றனர். ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக இரண்டு மனைகள் உள்ளன. ஒன்றில் பழைய கோயில் நிற்க, மற்றொன்றில் அதே அளவில், அதே வடிவில், அதே முறையில் புதிய கோயில் எழுகின்றது. நிறைவெய்திய பின் தெய்வத்தைப் புதிய கோயிலுக்கு எழுந்தருளச் செய்து, பழையதைப் பிரித்துவிடுகின்றனர். 690-இல் தொடங்கிய இவ்வழக்கம், உள்நாட்டுப் போர்க் காலத்தில் நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் தடைப்பட்டதேயன்றி, மற்றபடி தொடர்ந்து வருகின்றது. 2013-இல் நடந்தது 62-ஆவது முறை, அடுத்தது 2033-இல். கோயில் மட்டுமன்று, தெய்வத்துக்குரிய ஆடைகள், வாள்கள், நெய்த பட்டு, அரக்குப் பெட்டிகள் என ஆயிரத்தைந்நூறுக்கு மேற்பட்ட பொருள்களையும் புதிதாகச் செய்கின்றனர்.

இருபது ஆண்டு என்னும் கணக்கில் நுட்பம் ஒன்று அடங்கியிருக்கிறது. இருபது வயதில் ஒருவன் உடனிருந்து கற்கின்றான். நாற்பதில் தானே முன்னின்று செய்கின்றான். அறுபதில் பிறருக்குக் கற்பிக்கின்றான். ஒரு வாழ்நாளில் மூன்று முறை பணி வந்து சேர்கின்றது. ஆதலால் அறிவின் சங்கிலி அறுவதில்லை. பிரித்த மரமும் வீணாவதில்லை. முதன்மைத் தூண்கள் அங்குள்ள ஆற்றுப் பாலத்தின் இருபுறமும் தோரண வாயில்களாக நிற்கின்றன. மேலும் இருபது ஆண்டு சென்றபின் வேறு ஊர்களின் எல்லை வாயில்களாகின்றன. ஏனைய மரங்கள் நாட்டின் பிற கோயில்களுக்குப் போய்ச் சேர்கின்றன.

ஒவ்வொரு முறையும் பதினாயிரத்துக்கு மேற்பட்ட ஹினோக்கி மரங்கள் வேண்டும். கோயிலைச் சூழ்ந்த காட்டின் பெருமரங்கள் இடைக்காலத்திலேயே தீர்ந்துவிட்டன. அதன்பின் தொலைவிலுள்ள கிசோ மலைக்காடுகளிலிருந்து மரம் வந்துகொண்டிருந்தது. 1923-இல் கோயிலார் ஒரு திட்டம் வகுத்தனர். சொந்தக் காட்டில் ஹினோக்கிக் கன்றுகளை நட்டு, இருநூறு ஆண்டு வளர்த்து, தம் தேவையைத் தாமே நிறைவு செய்துகொள்ளும் திட்டம் அது. 2013-ஆம் ஆண்டுத் திருப்பணிக்கு வேண்டிய மரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அந்தக் காட்டிலிருந்து கிடைத்தது. முதற்கன்றுகளை நட்டவர் எவரும் அந்நாளைக் காண இருந்திருக்க மாட்டார்.

இருபது ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகும் கோயிலைப் பழங்கோயில் என்னலாமா என்று மேலைநாட்டார் சிலர் கேட்டதுண்டு. கல்லிற் கட்டிப் பழகியவர்களுக்கு முதலில் வைத்த கல்லே உண்மை. அதனை மாற்றினால் உண்மை போயிற்று. 1994-இல் பல நாட்டு அறிஞர்கள் நாராவில் கூடி இதனை ஆராய்ந்தனர். ஒரு செல்வத்தின் உண்மைத்தன்மையை அந்தந்த நாட்டின் பண்பாட்டை ஒட்டியே மதிப்பிட வேண்டும். பொருள் மட்டுமன்றி, மரபும், செய்முறையும், பயன்பாடும் கருதத்தக்கன என்று அறிவித்தனர். மரத்தாலும் மண்ணாலும் கட்டிய நாடுகள் யாவற்றுக்கும் அவ்வறிவிப்பு அரண் செய்தது.

இனி இயற்கைச் செல்வத்துக்கு வருவோம். கியூஷூத் தீவுக்குத் தெற்கே யாகுஷிமா என்னும் சிறு தீவு உள்ளது. கடலிலிருந்து செங்குத்தாக எழும் அதன் மலைமுடி 1936 மீட்டர் உயரமுடையது. பெருமழை பொழியும் அம்மலையில், கருங்கற் பாறைமீது, சத்துக் குறைந்த மண்ணில், சுகி என்னும் மரங்கள் மிக மெல்ல வளர்கின்றன. மெல்ல வளர்வதால் வளையங்கள் நெருங்கி, பிசின் மிகுந்து, எளிதில் உளுத்துப் போவதில்லை. ஆயிரம் ஆண்டைக் கடந்தவற்றுக்கே அத்தீவார் யாகுசுகி என்ற பெயரைத் தருகின்றனர். அதற்குக் குறைந்தவை அவர்களுக்குச் சின்ன மரங்களே. 1966-இல் உலகறிய வந்த ஜோமோன் சுகி என்னும் மரத்தின் சுற்றளவு பதினாறு மீட்டருக்கு மேற்பட்டது. அதன் வயது இரண்டாயிரம் ஆண்டுக்குக் குறையாது என்பர். ஏழாயிரம் என்று கூறுவோரும் உளர்.

அக்காடு தானாகத் தப்பிய காடன்று. பழைய சிற்றரசர் காலத்தில் தீவார் நெல்லுக்கு மாற்றாகச் சுகி மரத்தின் ஓட்டுப் பலகைகளையே வரியாகச் செலுத்தினர். கியோட்டோவில் ஒரு பெரும் புத்தர் மண்டபம் எழுப்புவதற்காகப் பதினாறாம் நூற்றாண்டில் வெட்டியது என்று கூறப்படும் ஓர் அடிமரம் இன்றும் அங்கே உள்ளது. அதன் உட்புழையில் பலர் நிற்கலாம். காட்டின் ஒரு பகுதியை 1924-இல் இயற்கை அரும்பொருளாக அறிவித்தனர். ஆயினும் அதன் எல்லைக்கு வெளியே, இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில், இருப்புப்பாதை வழியே அரசினர் காட்டுத்துறையே மரங்களை வெட்டி இறக்கிற்று. எதிர்த்து எழுந்தவருள் அத்தீவின் இளைஞர்களும் இருந்தனர். மரம் வெட்டுவோரின் மலைக்குடியிருப்பு 1970-இல் கலைந்தது. 1993-இல் ஜப்பானின் முதல் நான்கு உலகப் பாரம்பரிய இடங்கள் அறிவிக்கப்பட்டபோது, ஹோர்யூஜியோடும் ஹிமேஜிக் கோட்டையோடும் வடக்கிலுள்ள ஷிரகாமிப் பீச் மரக்காட்டோடும் யாகுஷிமாவும் இடம்பெற்றது.

கோடரிக்குத் தப்பிய முதுமரத்துக்குப் பின்னர்க் காலடியால் இடர் வந்தது. காண வந்தவர் மிதித்து மிதித்து ஜோமோன் சுகியின் வேரடி மண் கரைந்து, வேர்கள் வெளிப்பட்டன. 1996-இல் சற்றுத் தொலைவில் மரமேடை அமைத்து, அங்கிருந்தே காணுமாறு செய்தனர். அன்பு கொண்டு அருகில் வருபவரிடமிருந்தும் காக்க வேண்டிய நிலை செல்வங்களுக்கு உண்டு.

சட்டத்தில் பெயர் ஏறிவிட்டால் போதும் என்று எண்ணுவோர்க்கு ஒரு பறவையின் கதையைச் சொல்ல வேண்டும். டோக்கி என்பது அரிவாள்மூக்கன் இனத்தைச் சேர்ந்த பறவை. உடல் வெண்மை, சிறகை விரித்தால் உட்புறம் இளஞ்சிவப்பு. ஒரு காலத்தில் ஜப்பானின் நெல்வயல்களில் எங்கும் மேய்ந்தது. வேட்டையால் குறைந்த அதனைச் சிறப்பு இயற்கை அரும்பொருள் என 1952-இல் அரசு அறிவித்தது. அப்பறவையைக் கொல்வது குற்றம். ஆனால் அதே ஆண்டுகளில் வயல்களில் பூச்சிமருந்து பெருகிற்று. தவளையும் மீனும் மறைந்தன. சட்டம் பறவையைக் காத்தது. பறவையின் உணவைக் காக்கவில்லை. 1981-இல் சாடோத் தீவில் எஞ்சிய ஐந்தையும் பிடித்துக் கூண்டில் வைத்து வளர்க்க முயன்றனர். பயனில்லை. ஜப்பானில் பிறந்த கடைசி டோக்கி 2003-இல் இறந்தது.

நல்லூழாக, சீனத்தின் ஒரு மலைப்பகுதியில் 1981-இலேயே ஏழு பறவைகளைக் கண்டுபிடித்திருந்தனர். அவற்றின் வழிவந்த ஓர் இணையைச் சீனம் 1999-இல் பரிசாக அளித்தது. குஞ்சுகள் பெருகின. 2008 செப்டம்பரில் முதற்பத்துப் பறவைகளைச் சாடோவின் வானில் விடுவித்தனர். இம்முறை உழவரும் உடன் நின்றனர். மருந்தைக் குறைத்தனர், அறுவடைக்குப் பின்னும் வயலில் நீர் நிறுத்தினர், மீன் ஒதுங்க வாய்க்கால் வெட்டினர். அவ்வயல்களில் விளைந்த அரிசிக்குத் தனிப்பெயரிட்டு விற்றனர். 2012-இல் இயற்கைச் சூழலிலேயே குஞ்சு பொரித்தது. இன்று நூற்றுக்கணக்கான டோக்கிகள் அத்தீவில் பறக்கின்றன. அறிவிப்பால் நில்லாத பறவை, உழவர் கையால் நின்றது.

இதே உண்மையை ஷிரகாவா என்னும் மலைநாட்டுச் சிற்றூரும் காட்டும். கைகூப்பியது போன்ற செங்குத்தான புற்கூரை வீடுகளுக்கு அவ்வூர் பெயர்பெற்றது. ஒரு கூரையை மாற்றி வேய நூற்றுக்கு மேற்பட்டோர் வேண்டும். ஊரார் கூடி இன்று ஒரு வீட்டுக்கும் நாளை ஒரு வீட்டுக்குமாக வேய்ந்து தருவது அங்குள்ள பழைய முறை. விற்கமாட்டோம், வாடகைக்கு விடமாட்டோம், இடிக்கமாட்டோம் என்று அவ்வூரார் 1971-இல் தமக்குள் உறுதி செய்துகொண்டனர். 1995-இல் உலகப் பட்டியலில் இடம்பெறுவதற்கு இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு முன்னர் இது நடந்தது. ஊர் முழுவதும் அமைத்துள்ள ஐம்பத்தொன்பது நீர்ப்பீரங்கிகளை ஆண்டுக்கு ஒருமுறை ஒருங்கே திறந்து ஒத்திகை பார்க்கின்றனர். புற்கூரை ஊருக்குத் தீயைவிடப் பெரிய பகை இல்லை அன்றோ?

இவ்வளவு செய்தும் அந்நாட்டின் கவலை தீர்ந்துவிடவில்லை. ஒகினாவாவில், போரில் அழிந்து 1992-இல் மீண்டும் எழுந்த ஷூரி அரண்மனை 2019 அக்டோபர் 31-ஆம் நாள் எரிந்து வீழ்ந்தது. முன்பு சேர்த்து வைத்த வரைபடங்களும் அனுபவமும் துணைநிற்க, 2022-இல் மூன்றாவது தலைமுறையின் கண்முன் பணி தொடங்கிற்று. மலையூர்களில் இளைஞர் குறைந்துவருகின்றனர். மரப்பட்டை உரிக்க மலையேறுவோர் சிலரே. ஹினோக்கி மரத்தைக் கொல்லாமல் மேற்பட்டையை மட்டும் உரித்தெடுத்து, மீண்டும் வளரப் பத்தாண்டளவு காத்திருந்து, மறுமுறை உரிக்கும் கலை அது. பழங்கோயிற் கூரைகள் அந்தப் பட்டையால் வேய்ந்தவை. அக்கலை உள்பட, மரக்கட்டடங்களைக் காக்கும் பதினேழு தொழில்களை 2020-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் செல்வங்களாக ஏற்றது. பெருமை வந்தது, கற்க வரும் கைகள் போதிய அளவு வருமா என்பதுதான் அவர்கள் முன் நிற்கும் கேள்வி.

முடிவாக, நம்மோடு தொடர்புடைய ஒரு செய்தியைக் கூறி அமைவோம். நாராவில் தோதாய்ஜி என்னும் கோயிலில் மாபெரும் புத்தர் திருவுருவம் இருக்கிறது. 752-இல் அத்திருவுருவத்துக்குக் கண்திறக்கும் விழா நிகழ்ந்தபோது, தூரிகையேந்திக் கண்ணெழுதியவர் போதிசேனர் என்னும் இந்தியத் துறவி. 736-இல் ஜப்பான் சென்றடைந்த அவரைத் தென்னாட்டார் என்றும், மதுரையைச் சேர்ந்தவர் என்றும் கூறுவோர் உளர். அந்தத் தூரிகையில் நீண்ட கயிறுகளைக் கட்டி, கூடியிருந்தோர் அவற்றைப் பற்றிக்கொண்டு நின்றனர். கண்ணெழுதிய பேறு அனைவரையும் சென்று சேர்ந்தது. பிற்காலத்தில் அம்மண்டபம் இருமுறை போர்த்தீயில் எரிந்தது. தூரிகையோ, அருகிலுள்ள ஷோசோயின் என்னும் மரக்கருவூலத்தில், ஏறத்தாழ ஒன்பதாயிரம் அரும்பொருள்களோடு இன்றும் இருக்கின்றது. முதல் தீயில் சிதைந்த திருவுருவத்தைப் புதுக்கி 1185-இல் மீண்டும் கண்திறந்தபோது, அதே தூரிகையை வெளியே எடுத்து எழுதினர். நானூற்று முப்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் அத்தூரிகை மீண்டும் மையைத் தொட்டது.

ஊரைவிட்டு வந்து பிற மாநிலங்களில் வாழும் நாமும் வீட்டுப் பெட்டிகளில் சில பழம்பொருள்களைப் போற்றி வைத்திருக்கிறோம். அவற்றைப் பூட்டி வைத்தல் நன்றே. ஆயினும் கோலமிடும் விரலையும், பண்ணிசைக்கும் குரலையும், ஏட்டெழுத்தைப் படிக்கும் கண்ணையும் பெட்டியில் வைத்துக் காக்க இயலாது. அவற்றைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தே காக்க வேண்டும். வருகின்ற ஜனவரி 26-ஆம் நாள் காலையில் கொடியை வணங்கும்போது, எரியாத கூரைமேல் நீர் பொழிந்து ஒத்திகை பார்க்கும் அந்தத் தீவு மக்களையும் ஒரு கணம் நினைவுகூர்வோமாக.